ஓடிப்போனவரா, ஓடிவந்தவரா? அமெரிக்க அடிமை வழக்குக் கட்டுகளைப் படிப்பது எப்படி

நிறம் கறுப்பு. உயரம் சுமார் ஆறடி. கன்னம் ஒன்றில் தழும்பு. வலது புறங்கையில் இன்னொரு தழும்பு. வயது 23 அல்லது 24.

1854 மே மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அலெக்சாண்ட்ரியா நீதிமன்றம் எழுதிக் கொடுத்த ஒரு தாளில் உள்ள அங்க அடையாளம் இது. ஆளின் பெயர் அந்தோணி பர்ன்ஸ். இவர் என் சொத்து, ஓடிப்போய்விட்டார் என்று அந்த நீதிமன்றத்தில் போய்ச் சொன்னவர் சார்ல்ஸ் சட்டில். தாள் கைக்கு வந்ததும் சட்டில் வடக்கே, அடிமை முறை இல்லாத பாஸ்டனுக்குக் கிளம்பினார். அங்கே பர்ன்ஸ் ஒரு துணிக்கடையில் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், தப்பிய அடிமைகளைப் பற்றிக் கோர்ட்டுகளில் சேர்ந்த காகிதங்கள் ஏராளம். வாரண்ட், பிரமாணப் பத்திரம், சான்றிதழ், செலவுக் கணக்கு என்று கட்டுக் கட்டாக இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. முதல்முறையாக இவற்றைத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். கதை கிடைக்கும் என்று போனால் வெறும் சட்ட வாசகம்தான் இருக்கும். யாரைப் பற்றிய வழக்கோ, அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார். அது ஏன், அப்படியிருந்தும் இந்தக் கட்டுகளிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் தகராறு. இந்த ஆட்களைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுவது? 'ஓடிப்போனவர்' என்றால் நாம் எஜமானின் வாசலில் நின்று பேசுகிறோம். 'ஓடிவந்தவர்' என்றால் பாஸ்டனிலோ ஃபிலடெல்ஃபியாவிலோ கதவைத் திறந்துவிட்டவரின் பக்கம் நிற்கிறோம். போ, வா என்ற இரண்டு சின்ன வினைகளே நாம் யார் தரப்பு என்று காட்டிக் கொடுத்துவிடுகின்றன. கோர்ட் காகிதங்கள் அனைத்தும் 'ஓடிப்போனவர்' பக்கமிருந்து எழுதப்பட்டவை. படிக்கும்போது இதை மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவு உண்டு: ஒரு மாநிலத்தில் வேலையோ உழைப்போ செய்யக் கடமைப்பட்ட ஆள் இன்னொரு மாநிலத்துக்குத் தப்பிப் போனால், அங்குள்ள சட்டத்தைக் காட்டி அவர் விடுதலை பெற முடியாது, உரியவர் கேட்டால் ஒப்படைக்க வேண்டும். 'அடிமை' என்ற சொல்லே அந்த வாசகத்தில் கிடையாது. எழுதியவர்களுக்கே கூச்சம் இருந்தது. இது ஏதோ இலக்கண நுணுக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். பின்னால் வந்த வாரண்டுகளும் அதே மொழியைப் பிடித்துக்கொண்டன. 'வேலையிலிருந்தும் உழைப்பிலிருந்தும் தப்பியவர்' என்றுதான் அவை பேசும். காப்பகத்தின் தேடுபெட்டியில் 'அடிமை' என்று மட்டும் போட்டுத் தேடினால் பல கட்டுகள் கண்ணில் படாமலே போகும்.

அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்த 1793இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி எஜமானோ அவருடைய ஆளோ தப்பியவரைத் தாங்களே பிடித்து, ஒரு நீதிபதி முன்னாலோ உள்ளூர் மாஜிஸ்ட்ரேட் முன்னாலோ நிறுத்தி, வாய்மொழியாகவோ பிரமாணப் பத்திரத்திலோ இவர் என்னுடையவர் என்று நிரூபித்தால், கொண்டுபோகச் சான்றிதழ் கிடைக்கும். குறுக்கே நிற்பவருக்கு 500 டாலர் அபராதம். பிடிக்கிற வேலை எஜமானுடையது. அரசு முத்திரை குத்தும், அவ்வளவுதான்.

இதில் ஓட்டை எங்கே என்பது சுலபமாகப் புரியும். பிறவியிலேயே சுதந்திரமான ஒரு கறுப்பரைத் தெருவில் மடக்கி, 'இவன் என் ஆள்' என்று பொய்ச் சத்தியம் செய்தால்? அப்படிக் கடத்தல்கள் நடந்தன. அதனால் பென்சில்வேனியா போன்ற வட மாநிலங்கள் கடத்தல் தடுப்புச் சட்டங்களைப் போட்டன. அந்தச் சட்டமும் மத்திய அரசின் சட்டமும் மோதிக்கொண்ட வழக்குதான் 1842இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பிரிக் வழக்கு.

அந்த வழக்கின் பெயரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். 'பிரிக் எதிர் பென்சில்வேனியா'. எட்வர்ட் பிரிக் என்பவர் ஆள் பிடிக்கப் போனவர். வழக்குக்குக் காரணமானவர் மார்கரெட் மோர்கன். மேரிலாந்தில் எஜமானர் உயிரோடு இருந்தவரை அவரைச் சுதந்திரமானவராகவே வாழ விட்டிருந்தார்கள். சுதந்திரக் கறுப்பரான ஜெர்ரி மோர்கனை மணந்து, 1832இல் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே குழந்தையும் பிறந்தது. 1837இல் எஜமானரின் வாரிசு பிரிக்கையும் இன்னும் மூவரையும் அனுப்பினார். உள்ளூர் மாஜிஸ்ட்ரேட் சான்றிதழ் தர மறுத்தும், அவர்கள் மார்கரெட்டையும் பிள்ளைகளையும் மேரிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடத்தல் குற்றத்தில் பிரிக் தண்டிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மாநிலச் சட்டம் செல்லாது; ஆனால் தப்பியவரைப் பிடித்துக்கொடுக்க மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று நீதிபதி ஜோசஃப் ஸ்டோரி எழுதினார். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கெல்லாம் பிரிக் என்ற பெயர் தெரியும். மார்கரெட் மோர்கன் வழக்கின் தலைப்பில் இல்லை.

இது தற்செயல் இல்லை, ஒரு வழக்கம். 1847இல் 'ஜோன்ஸ் எதிர் வான் ஸாண்ட்': கென்டக்கியிலிருந்து தப்பியவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்ட ஒஹாயோ விவசாயி மீது எஜமானர் போட்ட நஷ்டஈட்டு வழக்கு. வண்டியில் இருந்தவர்கள் தலைப்பில் இல்லை. 1859இல் 'ஏபிள்மன் எதிர் பூத்': விஸ்கான்சினில் ஜோஷுவா குளோவர் என்பவரைச் சிறையை உடைத்து மீட்ட கூட்டத்தில் முன்னால் நின்ற பத்திரிகையாளர் பூத்; ஏபிள்மன், ஆள் பிடிக்கும் மத்திய அரசு அதிகாரியான மார்ஷல். குளோவர் பெயர் இல்லை. ஆகவே ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு என் முதல் யோசனை: தப்பியவரின் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் சோர்ந்துபோகாமல் எஜமானின் பெயரில் தேடுங்கள். அப்புறம் உதவி செய்தவரின் பெயரில். பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர்களும் அதிகம். பாஸ்டனில் 1851இல் பிடிபட்ட ஷாட்ராக் மின்கின்ஸ் காகிதங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களில் வருகிறார்.

பிரிக் தீர்ப்புக்குப் பிறகு வட மாநிலங்கள் பல, எங்கள் அதிகாரிகளும் சிறைகளும் இந்த வேலைக்கு இல்லை என்று கையை விரித்தன. அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்கள் கொதித்தன. 1850இல் கலிஃபோர்னியாவை அடிமை முறை இல்லாத மாநிலமாகச் சேர்ப்பது உள்ளிட்ட ஒரு பெரிய பேரம் நடந்தது. அதில் தெற்குக்குக் கிடைத்த பங்குதான் புதிய 'தப்பிய அடிமைச் சட்டம்'. ஜனாதிபதி மில்லார்ட் ஃபில்மோர் அதில் கையெழுத்திட்டது 1850 செப்டம்பர் 18. இன்று காப்பகங்களில் ஆர்வமாகத் திறக்கப்படும் கட்டுகளில் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவை.

இந்தச் சட்டத்தில் விசாரிப்பவர் 'கமிஷனர்'. போலீஸ் கமிஷனரை நினைத்துக்கொள்ள வேண்டாம். மத்திய அரசின் நீதிமன்றங்கள் நியமித்த சிறு அதிகாரி. பெரும்பாலும் சொந்தமாக வக்கீல் தொழிலும் செய்பவர். பிடிக்கும் வேலை 'மார்ஷல்' கையில். நம் கோர்ட் அமீனாவுக்கும் போலீஸுக்கும் இடைப்பட்ட ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். பிடிக்க மறுத்தால் மார்ஷலுக்கு 1,000 டாலர் அபராதம். வழியில் போகிறவர்களையும் 'வா, வந்து பிடி' என்று அவர் கூப்பிடலாம். தப்பியவருக்கு இடம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஜூரி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வரி: பிடிபட்டவரின் சாட்சியத்தை விசாரணையில் ஏற்கவே கூடாது.

கமிஷனருக்குச் சம்பளம் இல்லை, வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆளை எஜமானிடம் அனுப்பச் சான்றிதழ் கொடுத்தால் 10 டாலர். ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டால் 5 டாலர். சான்றிதழ் எழுதுவதில் காகித வேலை கூடுதல், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று ஆதரவாளர்கள் விளக்கம் சொன்னார்கள். விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஒரே தராசில் இரண்டு விலை போட்ட பிறகு அதில் நிறுத்தப்படுபவருக்கு என்ன நம்பிக்கை இருக்கும்?

சட்டம் கையெழுத்தாகி எட்டே நாளில் முதல் ஆள் பிடிபட்டார். நியூயார்க்கில் குடும்பத்தோடு இருந்த ஜேம்ஸ் ஹாம்லெட். பால்டிமோரிலிருந்து மேரி பிரவுன் என்பவர் உரிமை கோரினார். என் தாய் சுதந்திரமானவர், ஆகவே நானும் அப்படித்தான் என்றார் ஹாம்லெட். சொல்வது அவராயிற்றே, சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்றைக்கே பால்டிமோருக்கு அனுப்பிவிட்டார்கள். நியூயார்க் மக்கள் 800 டாலர் திரட்டி அவரை விலைக்கு வாங்கித் திரும்பக் கூட்டிவந்தார்கள்.

இனி கட்டைப் பிரிக்கலாம். ஒரு கமிஷனர் விசாரணையின் கட்டு பெரும்பாலும் மெலிதானது. முதலில் எஜமான் தரப்பின் பிரமாணப் பத்திரம்: இந்த ஆள் எனக்கு உழைக்கக் கடமைப்பட்டவர், இன்ன தேதியில் தப்பினார். எஜமான் நேரில் வராவிட்டால் அவருடைய ஆளுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம், அதாவது பவர். அப்புறம் வாரண்ட். வாரண்டைத் திருப்பிப் பார்க்க மறக்கக் கூடாது. பின்பக்கத்தில் மார்ஷல் என்ன செய்தார் என்று ஓரிரு வரி எழுதியிருப்பார். பிடித்தேன், கொண்டுவந்து நிறுத்தினேன், அல்லது ஆள் அகப்படவில்லை. முன்பக்கம் வெறும் சட்ட வாசகம், நடந்தது பின்பக்கத்தில்தான்.

அடுத்தது, நாம் முதலில் பார்த்த அலெக்சாண்ட்ரியா தாள் போன்றது. 1850 சட்டத்தின் பத்தாம் பிரிவு எஜமானுக்கு ஒரு வசதி செய்து கொடுத்தது. அவர் தன் சொந்த ஊர் நீதிமன்றத்திலேயே, தப்பியவர் இல்லாத நேரத்தில், இவர் எனக்குக் கடமைப்பட்டவர், தப்பிவிட்டார் என்று நிரூபித்து ஒரு நகல் வாங்கிக்கொள்ளலாம். வடக்கே அந்த நகலைக் காட்டினால், அதில் சொன்ன இரண்டு விஷயங்களையும் மறுத்துப் பேச முடியாது. மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: கூண்டில் நிற்பவர்தான் தாளில் உள்ளவரா? அதனால்தான் உயரமும் தழும்பும் இவ்வளவு முக்கியமாயின. ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் அந்த நாலு வரிதான் தீர்மானித்தது.

நாலு வரி தப்பும் செய்யும். 1850 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஆடம் கிப்சன் என்பவரைப் பிடித்து, நீதான் எமரி ரைஸ் என்றார்கள். இல்லை என்று சாட்சிகள் சொல்லியும் கமிஷனர் சான்றிதழ் எழுதிவிட்டார். மேரிலாந்துக்குக் கொண்டுபோய் எஜமான் முன்னால் நிறுத்தினால், அவர் பார்த்துவிட்டு இது என் ஆள் இல்லை என்றார். கிப்சன் வீடு திரும்பினார். அந்த எஜமான் நேர்மையாக இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே வேண்டாம்.

இப்போது பர்ன்ஸ் வழக்குக்குத் திரும்புவோம். நான் இதில் கொஞ்சம் நிற்கப் போகிறேன். இந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் இன்னொரு கட்டு எனக்குத் தெரியாது.

1854 மே 24 மாலை, நகைக்கடைத் திருட்டு என்று ஒரு பொய்க் காரணம் சொல்லி பர்ன்ஸைத் தெருவில் பிடித்து நீதிமன்றக் கட்டடத்தில் அடைத்தார்கள். இரவு சட்டிலும் அவருடைய நண்பர் வில்லியம் பிரென்டும் அந்த அறைக்குப் போனார்கள். சட்டில் மரியாதையாக, 'மிஸ்டர் பர்ன்ஸ்' என்று நலம் விசாரித்துப் பேச்சுக் கொடுத்தார். பர்ன்ஸ் பழைய பழக்கத்தில் அவரை எஜமான் என்ற முறையில் அழைத்துப் பதில் சொல்லிவிட்டார். எப்படி வந்தாய் என்று கேட்டபோது, கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தேன், அசந்து தூங்கிவிட்டேன், கப்பல் கிளம்பிவிட்டது என்றாராம். 'என்றாராம்' என்று எழுதக் காரணம், இதைச் சாட்சிக் கூண்டில் சொன்னவர் பர்ன்ஸ் இல்லை, பிரென்ட்.

மே 26 இரவு ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை இடித்து அவரை மீட்கப் பார்த்தது. காவலுக்கு நின்ற ஜேம்ஸ் பாட்செல்டர் என்பவர் கொல்லப்பட்டார், மீட்பு நடக்கவில்லை. பிறகு கமிஷனர் எட்வர்ட் லோரிங் முன்னால் விசாரணை. பர்ன்ஸுக்காக ரிச்சர்ட் ஹென்றி டானாவும் சார்ல்ஸ் எல்லிஸும் வாதாடினார்கள். அலெக்சாண்ட்ரியா தாளில் ஒரு கோளாறு இருப்பது அவர்கள் கண்ணில் பட்டது. பர்ன்ஸ் தப்பிய தேதி மார்ச் 24 என்கிறது தாள். மார்ச் 20இல் அவரை ரிச்மண்டில் பார்த்தேன் என்கிறார் பிரென்ட். ஆனால் பாஸ்டன்காரர்கள், கறுப்பர்களும் வெள்ளையர்களும், ஒருவர் பின் ஒருவராகக் கூண்டில் ஏறினார்கள்: இந்த ஆள் மார்ச் மாதத் தொடக்கத்திலேயே இங்கே ஒரு இரும்புப் பட்டறையில் வேலை செய்தார், நாங்கள் பார்த்தோம். அப்படியானால் ஒன்று தாள் தப்பு, இல்லையென்றால் இவர் வேறு ஆள். எப்படிப் பார்த்தாலும் விட்டுவிட வேண்டும்.

லோரிங் என்ன செய்தார் தெரியுமா? இரு தரப்பு சாட்சிகளும் முரண்படுகிறார்கள், ஆகவே முதல் இரவு அந்த அறையில் பர்ன்ஸ் தன் வாயால் சொன்னதைக் கொண்டு முடிவு செய்கிறேன் என்றார். எஜமானைத் தெரிந்தது போலப் பேசினார் அல்லவா, அதனால் அவர்தான் இவர். பிடிபட்டவரின் சாட்சியம் செல்லாது என்று சொன்ன அதே சட்டத்தின் கீழ்! அவருக்குச் சாதகமாக அவர் வாய் திறக்க முடியாது. அவருக்கு எதிராக அவர் வாயிலிருந்து வந்தது, அதுவும் அடைத்து வைத்த அறையில் வந்தது, இன்னொருவர் வாய் வழியாக வந்து செல்லுபடியானது. அது ஒப்புதல் வாக்குமூலம், சாட்சியம் இல்லை என்று சட்டம் படித்தவர்கள் பிரித்துக் காட்டுவார்கள். அந்தப் பிரிவினை காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 2, பட்டாளமும் பீரங்கியும் சூழ, பல்லாயிரம் பேர் இரு பக்கமும் நின்று கூச்சலிட, பர்ன்ஸைத் துறைமுகத்துக்கு நடத்திப் போனார்கள். மறு வருடமே பாஸ்டன் கறுப்பர் தேவாலயத்தார் முன்னின்று 1,300 டாலருக்கு அவரை வாங்கி விடுவித்தார்கள். ஒபர்லின் கல்லூரியில் படித்து, கனடாவில் செயின்ட் கேத்தரின்ஸ் ஊரில் போதகராக இருந்து 1862இல் காலமானார். லோரிங்கை மாநில நீதிபதிப் பதவியிலிருந்து மாசசூசெட்ஸ் 1858இல் நீக்கியது.

பர்ன்ஸ் விசாரணையைப் பற்றி இவ்வளவு விவரம் நமக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சாட்சிகள் சொன்னதையெல்லாம் வரிக்கு வரி எழுதி வைக்கும் கடமை கமிஷனருக்கு இல்லை. கட்டில் வாரண்டும் சான்றிதழும் இருக்கும். குறுக்கு விசாரணை இருக்காது. அதை எழுதிவைத்தவர்கள் பத்திரிகை நிருபர்கள். பரபரப்பான வழக்குகளில் சுருக்கெழுத்தில் குறித்து மறுநாள் காலை அச்சிட்டார்கள். வழக்கு முடிந்ததும் அதையே சேர்த்துச் சிறு நூலாக விற்றார்கள். ஆகவே கோர்ட் கட்டு ஒரு கையில், அந்த வாரத்துச் செய்தித்தாள் இன்னொரு கையில் என்று வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். செய்தித்தாளும் ஒரு கட்சியைச் சேர்ந்ததாகவே இருக்கும் என்பதையும் சேர்த்து.

இன்னொன்று: ஒரே சம்பவத்துக்கு நாலைந்து கட்டுகள் இருக்கலாம், அதுவும் வெவ்வேறு கோர்ட்டுகளில். நமக்குப் பழக்கமான ஆட்கொணர்வு மனு இங்கே அடிக்கடி வரும். ஆளைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று மாநில நீதிமன்றத்தில் போடுவார்கள். உதவியவர்கள் மீது குற்ற வழக்கு தனி. எஜமானின் நஷ்டஈட்டு வழக்கு தனி. 1851 செப்டம்பரில் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா ஊரில், ஆள் பிடிக்க வந்த எஜமான் எட்வர்ட் கோர்சச் சண்டையில் கொல்லப்பட்டார். அரசு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீது தேசத் துரோகக் குற்றமே சாட்டியது. முதலில் நிறுத்தப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளை மாவு மில்காரர். விசாரணை நடந்தது ஃபிலடெல்ஃபியாவில், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே கட்டடத்தின் மாடியில். ஜூரி உள்ளே போய்க் கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்து குற்றமில்லை என்றது. மற்றவர்கள் மீதான துரோக வழக்கும் அத்தோடு போயிற்று.

எதிர்த் திசையிலும் கட்டுகள் உண்டு. ஜார்ஜியாவிலிருந்து தப்பிய வில்லியம் கிராஃப்ட், எல்லன் கிராஃப்ட் தம்பதியைப் பிடிக்க 1850 அக்டோபரில் இருவர் பாஸ்டனுக்கு வந்தார்கள். பாஸ்டன்காரர்கள் அந்த இருவர் மீதே அவதூறு வழக்குப் போட்டார்கள்: கிராஃப்டை அடிமை என்று சொல்லிவிட்டார்களாம்! ஜாமீன் தலைக்கு 10,000 டாலர். ஆள் பிடிக்க வந்தவர்கள் தங்களை ஜாமீனில் எடுக்கவே அலைந்துவிட்டு, கடைசியில் ஊரைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தார்கள். கிராஃப்ட் தம்பதி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் மீதான வாரண்டுகள் நிறைவேறவே இல்லை.

அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 'விடுதலை வழக்கு' என்பது வேறு. அதில் அடிமையாக வைக்கப்பட்டவரே வாதி. நான் சுதந்திரமானவர் என்று அவரே வழக்குத் தொடுக்கிறார். செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் மட்டும் இப்படி 300க்கு மேல் வழக்குகள் இருக்கின்றன. டிரெட் ஸ்காட் வழக்கு 1846இல் அங்கேதான் தொடங்கியது. ஸ்காட் தப்பி ஓடியவர் இல்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

செலவுக் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. யாரும் படிக்காத தாள் அது. ஆளை வழியில் மீட்டுவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது என எஜமான் பிரமாணம் செய்தால், எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை பேரைக் காவலுக்கு வைத்து எஜமானின் மாநிலம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மார்ஷலின் கடமை. செலவு மத்திய அரசின் கஜானாவில். பர்ன்ஸ் வழக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட தற்காலிகக் காவலர்களை மார்ஷல் அமர்த்தினார். இப்படிப்பட்ட கணக்குகளில் யார் எத்தனை நாள் நின்றார், கூலி எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று வரும். ஊர் எவ்வளவு எதிர்த்தது என்பதைத் தீர்ப்பு சொல்லாது; காவல் கூலி சொல்லிவிடும்.

மௌனம் மிகக் கனமாக இருக்கும் ஒரு கட்டு, மார்கரெட் கார்னருடையது. 1856 ஜனவரியில், உறைந்து கிடந்த ஒஹாயோ ஆற்றை நடந்தே கடந்து, கென்டக்கியிலிருந்து கணவர், மாமனார், மாமியார், நாலு குழந்தைகளோடு சின்சினாட்டி வந்து சேர்ந்தார். சில மணி நேரத்தில் மார்ஷலின் ஆட்கள் வீட்டைச் சூழ்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் மறுபடி அங்கே போகக் கூடாது என்று, தன் சின்னஞ்சிறு மகள் மேரியைத் தன் கையாலேயே கொன்றார். அவருடைய வக்கீல் ஜான் ஜாலிஃப் அதற்குப் பிறகு கேட்டதுதான் விசித்திரம்: என் கட்சிக்காரர் மீது கொலை வழக்கு நடத்துங்கள். கொலை வழக்கு நடந்தால் ஒஹாயோவில் வைத்திருப்பார்கள். ஒஹாயோவில் அவர் ஒரு மனிதராகக் கூண்டில் நிற்பார். மாநிலம் கொலைக் குற்றச்சாட்டும் பதிந்தது. மத்திய நீதிமன்றம் அவரை மார்ஷலிடம் ஒப்படைத்தது. பிப்ரவரி இறுதியில் ஆற்றைத் தாண்டித் திரும்ப அனுப்பிவிட்டார்கள். சொத்தாக அனுப்பப்பட்டதால் கொலைக்காக விசாரிக்கப்படவே இல்லை. தெற்கே கொண்டுபோகும் வழியில் படகு விபத்தில் கைக்குழந்தை மூழ்கியது. 1858இல் மார்கரெட் காய்ச்சலில் இறந்தார்.

விசாரணைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தவர்களில் லெவி காஃபின் ஒருவர்; அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மார்கரெட்டின் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் பழைய தழும்புகள் இருந்ததாகவும், அவை எப்படி வந்தன என்று கேட்டபோது 'வெள்ளைக்காரன் அடித்தான்' என்று மட்டும் சொன்னதாகவும் அவர் எழுதிவைத்திருக்கிறார். வாரண்டுகளில் தழும்பு வரும் இடமெல்லாம் எனக்கு இந்தப் பதில் நினைவுக்கு வரும். கோர்ட் கேட்டது தழும்பு எந்தப் பக்கம் என்று மட்டும்தான்.

இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது? மத்திய நீதிமன்றங்களின் கட்டுகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் வட்டாரக் கிளைகளில் இருக்கின்றன. பாஸ்டன் வழக்குகள் வால்தம் கிளையில். ஒரு பகுதி இணையத்திலேயே படமாகக் கிடைக்கிறது. அடிமை வழக்குகளைப் பற்றி அன்று அச்சான சிறு நூல்களை அமெரிக்க காங்கிரஸ் நூலகம் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. குமாஸ்தாக்களின் கையெழுத்து முதல் நாள் கண்ணைக் கட்டும். சட்ட வாசகம் திரும்பத் திரும்ப வருவதால், ஒரு வாரண்டைப் புரிந்துகொண்டால் அடுத்த பத்தும் ஓடிவந்துவிடும். வாசகத்தோடு ஒட்டாத வரி எங்கே வருகிறது என்று பாருங்கள். ஓரத்தில் எழுதியது, அடித்துத் திருத்தியது, பின்பக்கம்.

ஆரம்பத்துக்கு எதை எடுப்பது என்று கேட்டால், வாஷிங்டன் நகரத்து நீதிமன்றக் கட்டுகளைச் சொல்வேன். 1851 முதல் 1863 வரை அடிமைகள் சம்பந்தமான காகிதங்களை ஒரே தொகுதியாக மைக்ரோஃபிலிமில் எடுத்திருக்கிறார்கள். அப்போது வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடக்கிறது. 1862 ஏப்ரல் 16 அன்று வாஷிங்டன் நகர எல்லைக்குள் அடிமை முறை ஒழிந்துவிட்டது. ஆனால் பக்கத்து மேரிலாந்து வடக்கோடு இருக்கும் மாநிலம், அங்கே அடிமை முறை உண்டு. அதனால் மேரிலாந்து எஜமானர்கள் அதே வாஷிங்டன் கோர்ட்டுக்கு வந்து, 1850 சட்டத்தைக் காட்டி வாரண்ட் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். லிங்கனின் நண்பரான மார்ஷல் ஆளைப் பிடித்துச் சிறையில் அடைப்பார்; லிங்கனின் ராணுவ கவர்னர் சிப்பாய்களை அனுப்பி விடுவிக்கச் சொல்வார். 1850 சட்டம் ஒருவழியாக ரத்தானது 1864 ஜூன் 28இல்.

அதே தொகுதியில், விடுதலையான அடிமைகளுக்கு ஈடாக வாஷிங்டன் எஜமானர்கள் நஷ்டஈடு கேட்டுக் கொடுத்த மனுக்களும் இருக்கின்றன. மனு போடாத எஜமானர்களும் இருந்தார்கள். அதற்காக 1862 ஜூலை 12 அன்று காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு துணைச் சட்டம் போட்டது: எஜமான் வராவிட்டால், தன் விடுதலையைப் பதிவு செய்ய அடிமையாக இருந்தவரே மனுக் கொடுக்கலாம், கறுப்பர்களின் சாட்சியத்தையும் ஏற்க வேண்டும். அப்படி வந்த மனுக்களில் சிலவற்றில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். பக்கத்தில் குமாஸ்தாவின் எழுத்தில் மனுதாரர் பெயர், 'இவருடைய குறி' என்று.